வீட்டுச் செருப்போடு வாஷிங்டன் வரை

ஆர்டித் வண்டியை எடுப்பதற்கு முன், ஆள்காட்டி விரல் நகத்தால் பெட்ரோல் முள்ளின் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவாள். தொட்டி நிரம்பியிருந்தாலும் தட்டுவாள், வறண்டிருந்தாலும் தட்டுவாள். பத்தொன்பது வருஷம் அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனவள் நான். தட்டாமல் அவள் கிளம்பி நான் பார்த்ததில்லை. தட்டியதற்காக முள் ஏறியும் பார்த்ததில்லை.

ஏன் தட்டுகிறாய் என்று கேட்டதும் இல்லை. எங்கள் வரிசையில் கேள்வி கேட்கும் வழக்கம் கிடையாது. வாஷிங்டன் போகிற நெடுஞ்சாலையின் நடுவே தனியாக இரண்டு தடங்கள் உண்டு. வண்டிக்குள் நான்கு பேர் இருந்தால்தான் அதில் விடுவார்கள். தனியாக ஓட்டி வருகிறவர்கள் பான்கேக் கடை வாசலில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். வரிசையின் முன்னால் நிற்கும் மூன்று பேர் ஏறிக்கொள்வோம். அவர்களுக்கு வேகம் கிடைக்கும், எங்களுக்குப் பயணம் கிடைக்கும். காசு கொடுக்கக்கூடாது. தின்னக்கூடாது. ஓட்டுகிறவர் பேசினாலொழிய நாம் பேசக்கூடாது. இறங்கும்போது ஒரு நன்றி, அவ்வளவுதான். இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு இதைவிட வசதியான ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டவள் நான். யாராவது பெயரைக் கேட்டால்கூடக் காது சூடாகிவிடும். அக்கா வீட்டின் கீழறையில் குடியிருந்துகொண்டு, வாஷிங்டனில் ஒரு சர்க்கார் கட்டடத்தின் உணவகத்தில் தட்டு நிரப்பும் வேலைக்குப் போய் வந்தேன். இரண்டு வருஷமாகத் தினமும் யாராவது ஒருவர் காரில் போனேன். யாரோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது ஜூன் கடைசியில் பெட்ரோல் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தது. வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினார்கள். பான்கேக் கடைக்கு எதிரே இருந்த பெட்ரோல் பங்கில் விடியும் முன்பே வண்டிகள் இரண்டு தெருவுக்கு நிற்கும். எங்கள் ஃபெர்ன்புரூக் குடியிருப்பில் எல்லாவற்றுக்கும் வண்டிதான் வேண்டும். மூன்று தெருவில் முந்நூறு வீடு, ஆளுக்கொரு புல்தரை, ஆனால் நடந்துபோக அந்தப் பான்கேக் கடையை விட்டால் வேறு கடை கிடையாது, பஸ் கிடையாது. பெட்ரோல் தண்ணீர் மாதிரி கிடைத்த காலத்தில் கட்டிய வீடுகள். கட்டினவர்களும் வாங்கினவர்களும் அது அப்படியே கிடைத்துக்கொண்டிருக்கும் என்றே நினைத்தார்கள். அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

அன்று வியாழக்கிழமை. ஆறு இருபதுக்குப் பெட்ரோல் பங்க் ஆள் வெளியே வந்து பம்ப் மேல் சிவப்புத் துணியைக் கட்டினார். தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரனை அடித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கலைந்தன. அதிலிருந்து ஒரு நீளமான மஞ்சள் ஸ்டேஷன் வேகன் மெதுவாகத் திரும்பி வந்து, எங்கள் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஜன்னல் இறங்கியிருந்தது. உள்ளே முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க பெண். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையின் முன்னால் நின்ற, தினமும் எங்களோடு வரும் ப்ரூடன் குனிந்து, "பதினாலாம் தெருவா, மேடம்?" என்றார். வாஷிங்டனில் நாங்கள் இறங்குகிற தெரு அது.

அவள் தலையாட்டினாள்.

ப்ரூடனும், ராணுவ உடுப்பில் இருந்த லூபார் சார்ஜென்ட்டும் பின்னால் ஏறினார்கள். வரிசையில் பெண் இருந்தால் முன் இருக்கை அவளுக்கு. நான் முன்னால் ஏறினேன். மூன்று கதவும் சாத்தப்பட்டன. பின்னால் இரண்டு செய்தித்தாள்கள் விரிந்தன. வண்டி கொஞ்ச நேரம் நகரவில்லை. பிறகு நகர்ந்தது.

முதல் சிக்னலில்தான் அவள் காலைப் பார்த்தேன். இளநீல வீட்டுச் செருப்பு. பஞ்சு வைத்தது. ஒன்றில் பூ முடிச்சு இல்லை. ஆபீசுக்குப் போகிறவள் மாதிரி கைப்பை எதுவும் இல்லை. வண்டியின் முன் தட்டில் தபால் தலை ஒட்டிய ஒரு உறை கிடந்தது. இவள் வாஷிங்டனுக்குப் போகிறவள் இல்லை என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் செருப்பு தெரியாது.

நெடுஞ்சாலைக்கு ஏறுகிற பாதையின் முனையில் அவள் வண்டியை நிறுத்தியே விட்டாள். அங்கே யாரும் நிறுத்தமாட்டார்கள். பின்னால் ஒரு லாரி அலறியது.

"இப்ப போங்க. இடம் இருக்கு," என்றேன்.

பின்னால் செய்தித்தாள் சரசரத்தது. நாற்காலி பேசியதுபோல ப்ரூடன் என்னை எட்டிப் பார்த்தார். அவள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். வண்டி ஒரு குதி குதித்துச் சாலையில் விழுந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் இரண்டு வருஷம் அதே பாதையில் வாய்மூடிப் போனதில் ஒவ்வொரு வளைவும் தெரியும். "இடது பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம். இனிமே யாரும் குறுக்க வரமாட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நடுத்தடத்தில் ஏறியபிறகு அவள் தோள் இறங்கியது. வலது பக்கம் ஆயிரக்கணக்கான வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனோம். இருபத்திரண்டு மைலை அரை மணியில் கடந்தோம்.

பதினாலாம் தெருவில் ப்ரூடன் நன்றி சொல்லி இறங்கினார். சார்ஜென்ட் தலைக்கு மேல் இருந்த கைப்பிடியை அப்போதுதான் விட்டார். "நன்றி மேடம்," என்றவர் ஒரு நொடி நின்று, "கடவுளுக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இறங்கவில்லை.

"நீங்க எறங்கலையா?" என்றாள்.

"மேடம், நீங்க ஆபீசுக்கு வந்தவங்க இல்லதானே?"

அவள் என்னை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். "பெட்ரோல் போட வந்தேன். அப்புறம் பால் வாங்கணும். வீட்ல என் பொண்ணு கிண்ணத்துல பால் ஊத்தித் திங்கற சோளச் சீரியலைக் கொட்டி வச்சிக்கிட்டு உக்காந்திருப்பா."

"அப்புறம் ஏன் எங்களை ஏத்தினீங்க?"

"நான் எங்கேம்மா ஏத்தினேன்? நீங்கதான் ஏறினீங்க! கதவைத் தொறந்தாச்சு, உக்காந்தாச்சு, பேப்பரை விரிச்சாச்சு. அதுல ஒருத்தர் பட்டாளத்து ஆளு வேற. ஏதோ புதுச் சட்டம் போலிருக்குன்னு நெனச்சேன்."

"தலையாட்டினீங்களே."

"பிப்ரவரியில புருஷன் போனதுல இருந்து தலையாட்டிக்கிட்டேதான் இருக்கேன். சவப்பெட்டி இந்த மரத்துல செய்யலாமா, ஆமா. இந்தப் பாட்டைப் பாடலாமா, ஆமா. வீட்டை வித்துடலாமா, ஆமா. இன்னைக்கு ஒருத்தர் பதினாலாம் தெருவான்னாரு. அதுக்கும் ஆமா."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பெயரைச் சொன்னாள். ஆர்டித் லன்ஸ்ஃபோர்ட். புருஷன் டாய்ல் இருந்தவரை அவன்தான் ஓட்டினான். இவளுக்கு லைசென்ஸ் கிடைத்து ஆறு வாரம்தான் ஆகிறது. நெடுஞ்சாலையில் ஏறியதே அன்றுதான் முதல் தடவை.

முன் தட்டில் கிடந்த உறையை எடுத்து, "இந்த விலாசம் இங்க பக்கமா?" என்று கேட்டாள். பார்த்தேன். நான் வேலை பார்க்கிற கட்டடம். மூன்றாம் மாடி.

"அங்கதான் எனக்கும் வேலை. கீழே உணவகத்துல."

"நல்லதாப் போச்சு. குடுத்துடறீங்களா? நாளைக்குள்ள பதில் சொல்லணும். தட்டச்சு வேலை குடுத்திருக்காங்க. வர முடியாதுன்னு எழுதியிருக்கேன்."

"ஏன் முடியாது?"

"எப்படி வர்றது? எங்க பக்கம் பஸ் இல்ல. பெட்ரோல் கெடைக்கற லட்சணம் உங்களுக்கே தெரியும். நெடுஞ்சாலைன்னா எனக்குப் பயம்."

நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப எப்படி வந்தீங்க?" என்றேன்.

கேலியாகக் கேட்கவில்லை. எனக்கு அப்படிக் கேட்க வராது. அவள் உறையை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"மூணாம் மாடிக்கு இந்தச் செருப்போட போக முடியாதே," என்றாள்.

என் பைக்குள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளை ஷூ இருந்தது. அவளுக்கு ஒரு விரற்கடை பெரிது. போட்டுக்கொண்டு போனாள். திங்கட்கிழமை சேருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். கட்டடத்தின் வாசல் தொலைபேசியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். பத்து வயது மகள் கொரீன் சீரியலில் தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்திருந்தாளாம்.

வரிசையைப் பற்றி அன்று அவளுக்கு விளக்கினேன். "தினம் வண்டி எடுக்க வேணாம். மூணு நாள் எங்களோட நில்லுங்க, யாராவது ஏத்திப்பாங்க. ரெண்டு நாள் நீங்க ஏத்துங்க. சாயங்காலம் இங்கயும் வரிசை உண்டு. பொண்ணு ஒருத்தியைத் தனியா நிக்க விட்டுட்டு யாரும் போகமாட்டாங்க." அவள் திரும்பிப் போகும்போது முள் அடிமட்டத்தில் இருந்தது. வீடு வரைக்கும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே போனதாகப் பிறகு சொன்னாள்.

மறுநாள் வரிசைக்கு வந்து, ஷூவைத் துடைத்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். டாய்லின் அண்ணன் வெர்லின் ரோனோக்கிலிருந்து வருகிறார், வீட்டை விற்கச் சொல்லிப் பலகைகூட நட ஏற்பாடு செய்துவிட்டார், அவரிடம் வரிசையைப் பற்றி நீ சொல்ல வேண்டும் என்றாள்.

"எனக்குப் பேச வராது."

"அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். வாயாடி யாராவது சொன்னா அவர் நம்பமாட்டாரு."

போனேன். புல்தரையில் 'விற்பனைக்கு' என்ற பலகை நின்றது. உள்ளே பன்றித்தொடை வறுவல், உருளைக்கிழங்கு சாலட், பாதியாக வெட்டிக் காரம் சேர்த்த முட்டை. வெர்லின் பெரிய உடம்புக்காரர். டாய்லின் நாற்காலியில் உட்காராமல் சமையலறை முக்காலியில்தான் உட்கார்ந்தார். அதை நான் கவனித்தேன்.

ஆர்டித் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைங்களை நீ வண்டியில ஏத்தறே?"

"அவங்களும் முன்னப்பின்ன தெரியாத என் வண்டியிலதானே ஏறறாங்க. பயப்பட வேண்டியது அவங்கதான்."

"சிரிக்காதே ஆர்டித். இந்தப் பெட்ரோல் வெலை எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு வருஷம் போனா இந்தக் காட்டுல வீடு வாங்க எவனும் வரமாட்டான். இப்ப வித்துட்டு எங்களோட வந்துடு. ரெண்டு அறை சும்மாக் கெடக்கு. புல்லை வறுத்தா திங்கப்போறே?"

"பெரியப்பா, எங்க வீட்டுப் புல்லு நல்லாவும் இல்ல," என்றாள் கொரீன்.

"நீ சாப்பிடு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தத் தெருவிலேயே நான்கு பலகைகள் நின்றன. ஆர்டித் என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தட்டில் இருந்த முட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ரெண்டு வருஷமாப் போறேன் சார். ஒருநாள்கூட நான் வேலைக்கு லேட்டானதில்ல. வியாழக்கிழமை மட்டும் எட்டு நிமிஷம்."

"வியாழக்கிழமை ஏன்?"

"இவங்களுக்கு ஷூ மாட்டிவிட்டேன்."

வெர்லின் என்னையும் ஆர்டித்தையும் மாறிமாறிப் பார்த்தார். "சரி. நாளைக்கு நானும் வர்றேன். என் கண்ணால பாக்கணும். எனக்குச் சரியாப் படலேன்னா வீட்டை வித்துட்டு வரணும். சம்மதமா?"

ஆர்டித் தலையாட்டவில்லை. "சம்மதம்," என்று வாயால் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆறே காலுக்கு மஞ்சள் வண்டி கம்பத்தடியில் வந்து நின்றது. வெர்லின் பின் இருக்கையில் ஏற்கெனவே இருந்தார். ஆர்டித் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பதினாலாம் தெரு! ரெண்டு பேர்!" என்று கூவினாள். ஒருத்தி நான். இன்னொருவர் லூபார் சார்ஜென்ட். வண்டி யாருடையது என்று பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஆனாலும் வரிசையில் வந்த வண்டியை மறுக்கும் வழக்கம் இல்லை. ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனை தாண்டுவதற்குள் வெர்லின் ஆரம்பித்தார். "நீங்க எங்க சார் வேலை? இந்தப் பக்கம் எத்தனை வருஷம்? பாருங்க, இந்த அரபு நாட்டுக்காரங்க நம்மளை என்ன பாடு படுத்தறாங்க. நான் என்ன சொல்றேன்னா..."

சார்ஜென்ட் செய்தித்தாளைக் கீழே இறக்கினார். "சார். இங்க பேசக்கூடாது."

"என்னது?"

"வண்டியில பேசக்கூடாது. ஓட்டறவங்க பேசினாத்தான் நாம பேசலாம்."

"இது என் தம்பி வண்டிய்யா!"

"ஆனா நீங்க ஓட்டலையே, சார்."

செய்தித்தாள் மறுபடி மேலே போனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தது கண்ணாடியில் தெரிந்திருக்கலாம். ஆர்டித் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்கும் வழி திறந்திருக்கும். அன்று ஏறுபாதையில் அவள் நிற்கவில்லை. நான் எதுவும் சொல்லவும் இல்லை. வலது பக்கம் வண்டிகள் புகை கக்கிக்கொண்டு நின்றன. வெர்லின் மூக்கை ஜன்னலில் ஒட்டாத குறையாக அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்தார். அரை மணி நேரம் அந்த மனிதர் வாயே திறக்கவில்லை. ரோனோக்கில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று ஆர்டித் பிறகு சொன்னாள்.

பதினாலாம் தெருவில் சார்ஜென்ட் இறங்கும்போது, "இன்னைக்கு நல்லா ஓட்டினீங்க மேடம்," என்றார். அவ்வளவு நீளமாக அவர் யாருக்கும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை.

வெர்லின் அன்று பகல் முழுவதும் நகரத்தில் சுற்றினார். சாயங்காலம் ஆர்டித்துக்காகக் காத்திருக்காமல், தானே வரிசையில் நின்று, யாரோ ஒருவருடைய காரில் ஊர் வந்து சேர்ந்தார். அதையும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தாராம். நாங்கள் வந்தபோது அவர் புல்தரையில் மண்டியிட்டிருந்தார். பலகையைப் பிடுங்கி வாசலில் சாத்தியிருந்தார். குழியை மண் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"என்னை ஏத்தினவன் நிமிஷத்துக்கு ஒருதரம் கொட்டாவி விட்டான்," என்றார் நிமிராமல். "நீ தேவலை."

பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "பெட்ரோல் இன்னும் ஏறத்தான் போகுது. நான் சொன்னது பொய்யாகாது. ஆனா நீ சமாளிச்சுப்பே," என்றார். ஆர்டித் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் கையெல்லாம் மண். அவள் புது வெள்ளைச் சட்டையில் இரண்டு பெரிய கைத்தடம் பதிந்தது.

பெட்ரோல் ஏறியது. பிறகு இறங்கியது. இறங்கியபோது எல்லோரும் இன்னும் பெரிய வண்டிகளாக வாங்கினார்கள், இன்னும் தள்ளிப்போய் வீடு கட்டினார்கள். நாங்களும் தினமும் வண்டியிலேயே போகத் தொடங்கினோம். ஆர்டித் ஓட்டுவாள், நான் பக்கத்தில், பின்னால் வரிசையில் ஏறுகிறவர்கள். அவர்கள் இருக்கும்வரை நாங்கள் பேசமாட்டோம். இறங்கியபிறகு கட்டடத்து வாசல்வரை ஐந்து நிமிஷம் நடக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் பேசிப் பேசித்தான் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். அவள் ஒருத்தியிடம் பேசிப் பழகியபிறகு மற்றவர்களிடமும் கொஞ்சம் வந்தது. உணவகத்தில் என்னை மேற்பார்வைக்குப் போட்டார்கள். அதற்கு மனுப் போடச் சொன்னவளும், அந்த மனுவைத் தட்டச்சு செய்தவளும் ஆர்டித்.

அவள் நல்லவள் என்று மட்டும் எழுதினால் அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள். காலையில் எரிச்சல்காரி. யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள். "ஏன்டி, அவன் வீட்டுக் கதவை இப்படிச் சாத்துவானா?" என்று என்னிடம்தான் கேட்பாள். ஆனால் பத்தொன்பது வருஷத்தில், வரிசையில் கடைசியாக ஒரு பெண் தனியாக நின்றால் அவளை விட்டுவிட்டு வண்டியை எடுத்ததில்லை. மூன்று பேர் ஏறியாகிவிட்டாலும் பின்னால் இருப்பவர்களை நெருக்கி உட்காரச் சொல்வாள். மழையாக இருந்தால் தான் போகிற இடத்தைத் தாண்டிப் போய் இறக்கிவிடுவாள். அப்படி இறங்கினவர்களில் பல பேருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. மஞ்சள் வண்டி அம்மா என்றுதான் சொல்வார்கள். அவள் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில், வரிசையில் நின்ற பதினோரு பேர் கம்பத்தடியில் கைதட்டினார்கள். பேசவில்லை. கைதட்ட மட்டும் செய்தார்கள்.

வெர்லின் இறந்து பதினாறு வருஷமாகிறது. அவருடைய சவ அடக்கத்துக்கு ஆர்டித்தும் நானும் போயிருந்தோம். கொரீன் ரிச்மண்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். மாதம் இரண்டு தடவை வந்து, எங்களுக்கு வேண்டியதை வாங்கிப் போட்டுவிட்டுப் போகிறாள். வண்டி இப்போது எங்களிடம் இல்லை. பான்கேக் கடையை மூடிவிட்டார்கள். வரிசை மட்டும் இன்னும் இருக்கிறது, காலை ஐந்தரைக்கே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். ஆர்டித்துக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. வீட்டுக் கடன் என்றோ அடைந்துவிட்டது. அவள் கீழ் அறையில் படுத்துக்கொள்கிறாள், மாடியில் கொரீனின் பழைய அறையில் நான் இருக்கிறேன்.